வெக்கையில் ஒயின்: ராமநாதபுரம் கடற்கரையில் சுவைத்துப் பழக ஒரு வழிகாட்டி

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. கல் சுவர், 16 அல்லது 18 டிகிரி. மண்டபத்திலோ தொண்டியிலோ சித்திரை மாதத்தில் அலமாரியில் நிற்கும் பாட்டில் 33 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டோடு ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது சாராய நெடி. பழ வாசனை எட்டிக்கூடப் பார்க்காது. ஒருமுறை குடித்துப் பார்த்தோம், பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் குடித்தது இப்படிச் சூடேறிய ஒயினைத்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் வெப்பம் அடிக்கடி வரும்.

சொகுசுக் கப்பலிலும் ரிசார்ட்டிலும் பரிமாறும் வேலைக்குப் போகிறவர்களையும், வெளிநாட்டிலிருந்து வந்த பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும், மாத்திரை சாப்பிடுபவர்களும், வண்டி ஓட்டப்போகிறவர்களும் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவைத்தலில் பாதி வேலை மூக்குக்குத்தான் என்பதால் அவர்களுக்குப் பெரிய நட்டம் இல்லை.

பாட்டில் வாங்கும் முன் நான்கு டம்ளர்

ஒயினில் நாக்குக்குத் தெரிவது நான்கைந்து சங்கதிதான்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, சாராயத்தின் காரம், இவை சேர்ந்து தரும் கனம். இவற்றைத் தனித்தனியாகப் பழக ஒயினே வேண்டாம். நான்கு டம்ளர் வைத்து, முதல் மூன்றில் தலா 200 மில்லி நல்ல தண்ணீர் எடுங்கள். முதலாவதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை. இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. மூன்றாவதில் இரண்டும். நான்காவதில் அதே அளவு வெந்நீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி டீத்தூள் போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி ஆறவையுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம்.

எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் திறந்து தலையைக் கொஞ்சம் குனியுங்கள். கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறி வரும். அதுதான் புளிப்பின் அளவுகோல். எச்சில் எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. டீயில் நேர்மாறாக ஈறும் நாக்கும் வறண்டு, வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி இழுக்கும். அது டானின், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் வருவது. மூன்றாவது டம்ளர் முக்கியமானது. அதிலும் இரண்டாவதில் இருக்கும் அதே அளவு எலுமிச்சைதான், ஆனால் புளிப்பு குறைந்த மாதிரி இருக்கும். இனிப்பு புளிப்பை மறைக்கும், புளிப்பு இனிப்பை மறைக்கும். ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை இருந்தும் திகட்டாததற்குக் காரணம் இதுவே.

நுனி நாக்கில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிக்கூடத்தில் போட்ட நாக்குப் படத்தை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கமும் தெரியும்.

கோப்பையும் தண்ணீரும் காற்றும்

காம்பு வைத்த, வாய்ப்புறம் குறுகிய கண்ணாடிக் கோப்பை வேண்டும். சுவைப்பதற்கென்றே 1977இல் வந்த, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் கோப்பை சுமார் 215 மில்லி கொள்ளும். அதில் 50 மில்லி ஊற்றினால் போதும். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது, வாசனையும் தங்காது.

நம் பக்கத்து வில்லங்கம் கோப்பையில் இல்லை, கழுவும் தண்ணீரில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் வெள்ளைத் திட்டு படியும், முதல் மிடறில் உப்புக் கரிக்கும். கடைசி அலசலைக் காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்து, சாயம் போகாத பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நுரைக்கும் ஒயினில் குமிழி நிற்காது.

இடம் பார்ப்பதும் அவசியம். கருவாடு காயும் பக்கம் காற்று வாக்கில் உட்கார்ந்தால் எதையும் முகர முடியாது. மல்லிகைப்பூ, அத்தர், சாம்பிராணி, கொசுவர்த்தி எல்லாம் அப்படித்தான். முகரும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் மின்விசிறியை நிறுத்துங்கள்; கோப்பையில் திரளும் வாசனையை அது அள்ளிக்கொண்டு போய்விடும். பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெற்றிலை, புகை, ஃபில்டர் காபியும் அதற்குள் ஆகாது. வாயைச் சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் உப்பில்லாத பன்னும் போதும். முறுக்கும் மிக்சரும் நாக்கைக் கெடுத்துவிடும்.

துப்புவதற்கு ஆளுக்கொரு படிக்கம் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகம் முழுக்க ஒயின் பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் துப்பித்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள், ஆறாவது கோப்பையிலும் மூக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

குளிரவைத்தல்

நுரைக்கும் ஒயினுக்கும் இனிப்பு ஒயினுக்கும் 6 முதல் 8 டிகிரி. லேசான வெள்ளை 8 முதல் 10. ஓக் பீப்பாயில் கிடந்த கனமான வெள்ளை 10 முதல் 13. லேசான சிவப்பு 12 முதல் 14. கனத்த சிவப்பு 16 முதல் 18. இங்கே ஊற்றிய கணமே சூடு ஏறத் தொடங்குவதால், இவற்றைவிட இரண்டு டிகிரி கூடுதலாகவே குளிரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

32 டிகிரியில் இருக்கும் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் சிவப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமும், வெள்ளைக்கு மூன்றரை மணி நேரமும் ஆகும். அரை மணி நேரம் வைத்தால் போதும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்து வரை அமுக்கி வையுங்கள். சிவப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வெள்ளைக்கு இருபது, நுரைக்கும் ஒயினுக்கு முப்பது. வெறும் ஐஸ்கட்டியில் வைத்தால் இடையில் காற்று நின்று நேரம் இழுக்கும். தண்ணீர் கட்டாயம் வேண்டும். பாம்பனிலும் மண்டபத்திலும் மீனுக்கு வாங்கும் ஐஸ் இதற்கு அருமையாக உதவும். பாட்டிலுக்கு வெளியே மட்டும்தான். அந்த ஐஸ் வயிற்றுக்கு ஆகாது. ஃப்ரீசரில் வைத்து மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளிவிடும்.

மிதமிஞ்சிக் குளிர்ந்தாலும் தப்பு. 4 டிகிரியில் வெள்ளை ஒயினும் ஊமையாகிவிடும், சிவப்பில் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கோப்பையைச் சும்மா இரண்டு நிமிடம் விட்டால் சரியாகிவிடும், இதற்கு மட்டும் நம்மூர் வெயில் கைகொடுக்கும்.

திறப்பது

திருகு மூடி என்றால் திருகினால் முடிந்தது. மட்டமான சரக்கு என்று அர்த்தம் இல்லை. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் நல்ல ஒயினுக்கே அதைத்தான் போடுகின்றன. கார்க் என்றால் உறையைக் கழுத்தின் கீழ் விளிம்புக்கு அடியில் வெட்டி, திருகாணியை நடுவில் குத்தி, ஒரு சுற்று மட்டும் வெளியே தெரியும்வரை நேராக இறக்கி, நிதானமாக மேலே இழுங்கள். சாய்த்துக் குத்தினால் கார்க் பாதியில் முறியும்.

நுரைக்கும் ஒயினில் கவனம் தேவை. ஷாம்பெயின் பாட்டிலுக்குள் 5 முதல் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். கார் டயரைவிட இரண்டு மூன்று மடங்கு. சூடான பாட்டில் இன்னும் மோசம், கார்க் கண்ணைப் பதம்பார்த்துவிடும். நன்றாகக் குளிர்ந்த பிறகு, பெருவிரலைக் கார்க்கின் மேல் வைத்துக்கொண்டே கம்பியை ஆறு அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை இறுகப் பிடித்தபடி பாட்டிலைச் சுழற்றுங்கள். ‘உஸ்’ என்று மூச்சு விடுகிற சத்தம் வந்தால் சரியாகத் திறந்தீர்கள்.

பார்த்து, முகர்ந்து, வாயில் வைத்து

இங்கே குளிர்ந்த கோப்பையில் உடனே வேர்த்துவிடும். முதலில் அதைத் துடையுங்கள், இல்லாவிட்டால் நிறம் மங்கித் தெரியும். கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை ஒயின் வயதாக ஆகப் பொன்னிறமாகிப் பழுக்கும். சிவப்பு ஊதாவில் தொடங்கிச் செங்கல் நிறத்துக்கு வெளிறும். கோப்பைச் சுவரில் வழியும் கண்ணீர்க் கோடுகள் சாராய அளவையும் இனிப்பையும் காட்டுமே தவிரத் தரத்தைக் காட்டாது.

ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். மிக லேசான வாசனைகள் அப்போதுதான் கிடைக்கும். பிறகு கோப்பையை மேசைமேல் வைத்தே மூன்று சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். ஆழ்ந்து இழுக்க வேண்டாம், குட்டிக் குட்டியாக இரண்டு மூச்சு. மூக்கு மரத்துவிட்டால் உங்கள் முழங்கையை முகர்ந்துவிட்டு வாருங்கள்.

வாயில் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, ஈறு முழுவதும் படும்படி உருட்டுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். இனிப்பா என்று சந்தேகம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவையுங்கள். பழுத்த பழ வாசனையை இனிப்பு என்று மூளை ஏமாறுவது புதியவர்களின் முதல் தடுமாற்றம். துப்பியபின் வாசனை எத்தனை விநாடி வாயில் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து விநாடியில் மறைந்தால் சாதாரண ஒயின், பதினைந்து இருபது நின்றால் சேதி இருக்கிறது.

கையேட்டுச் சொல்லும் உங்கள் சொல்லும்

பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரி என்று கையேடுகள் அடுக்கும். பார்த்திராத பழத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் பயனில்லை. நாவல்பழம், கொய்யா, நாரத்தை இலை, காய்ந்த பேரீச்சை, கருப்பட்டிப் பாகு, கடற்பாசி, சிப்பி ஓடு, புது மழை விழுந்த மண் என்று உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுங்கள். அவற்றில் பலவற்றுக்கு வேதிக் காரணமும் உண்டு. அமெரிக்க ஓக் பீப்பாயில் இருந்த ஸ்பெயினின் ரியோகா ஒயினில் தேங்காய் வாசனை வருவது ஓக்கில் உள்ள லாக்டோன் என்ற பொருளால். கிராம்பு வாசனையும் பீப்பாய் தருவதே; கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக்கிலும் இருக்கிறது. சிராஸ் என்ற திராட்சையின் சிவப்பு ஒயினில் மிளகு வாசனை ரோட்டண்டோன் என்ற பொருளால், மிளகிலும் இருப்பது அதேதான். ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் படவே படாது, ஆகவே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் சண்டை வேண்டாம். முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வரும். அது குறை இல்லை. மஸ்கட் வகை ஒயினைத் திறந்தால் தமிழர் யாருக்கும் விளக்கம் வேண்டாம்: நாம் கம்பம் பன்னீர்த் திராட்சை என்று வாங்கித் தின்பதே மஸ்கட் ஹாம்பர்க் என்ற திராட்சைதான்.

சர்க்கரை எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்குப் பனங்காட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் ஈஸ்ட் வேலை செய்து புளித்துவிடும். திராட்சைச் சாற்றிலும் அதே கதை. ஈஸ்ட் முழுச் சர்க்கரையையும் தின்று சாராயமாக்கிவிட்டால் உலர் ஒயின், பாதியில் நிறுத்தினால் இனிப்பு ஒயின். லேபிளில் சாராயம் 8 அல்லது 9 சதவீதம் என்றிருந்தால் பெரும்பாலும் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. 14க்கு மேல் என்றால் வெயில் அதிகம் கண்ட, நன்றாகப் பழுத்த திராட்சை.

இரண்டிரண்டாக

ஒரே ஒயினைத் தனியாகக் குடித்தால் அது புளிப்பா கனமா என்று சொல்லத் தெரியாது. எதைவிட என்ற கேள்வி நிற்கும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் முதல் நாளே சொல்லிவிடலாம். ஆறு பேர் சேர்ந்தால் இரண்டு 750 மில்லி பாட்டில் தாராளம், ஆளுக்கு 50 மில்லி இரண்டு சுற்று வந்து மிச்சமும் இருக்கும். உலர்ந்தது முதலில், இனிப்பு கடைசியில். லேசானது முன்னால், கனமானது பின்னால்.

முதல் ஜோடி நாசிக்கிலிருந்தே இருக்கட்டும்: சாவின்யோன் பிளாங், செனின் பிளாங் என்ற இரண்டு வெள்ளைத் திராட்சைகளின் ஒயின். விலையும் குறைவு, பெரிய டாஸ்மாக் கடைகளில் தேடினால் அகப்படும். முதலாவது குடைமிளகாயும் நாரத்தையுமாகக் கூர்மையாக இருக்கும். இரண்டாவது பழுத்த பழ வாசனையோடு, பெரும்பாலும் கொஞ்சம் இனிப்போடு இருக்கும். நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை, ஐரோப்பாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. லேபிளில் உள்ள ஆண்டை ஒப்பிடும்போது இந்த அரை வருட வித்தியாசம் நினைவிருக்கட்டும். வெள்ளை ஒயினுக்கும் இளஞ்சிவப்பு ரோஸேவுக்கும் முடிந்தவரை புது ஆண்டாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்து, ஒரே திராட்சை இரண்டு ஊர். பிரான்ஸின் சான்சேரும் நியூசிலாந்தின் மார்ல்பரோவும் சாவின்யோன் பிளாங்தான். முன்னது எலுமிச்சையும் ஈரக்கல்லுமாக அடங்கியிருக்கும், பின்னது கொய்யாவும் பாஷன் பழமுமாகக் கூவும். ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை இன்னும் நல்ல பாடம். பிரான்ஸின் ஷாப்லியில் குளிர், சுண்ணாம்பு மண், பெரும்பாலும் புது ஓக் கிடையாது, வாய் கூசும் புளிப்பு. கலிபோர்னியாவில் வெயில், பீப்பாய், வெண்ணெய் வாசனை. அந்த வெண்ணெய் டையசிட்டைல் என்ற பொருள். மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வருவது.

சிவப்பில், பிரான்ஸின் போஜலே பகுதியில் காமே திராட்சையில் செய்யும் துவர்ப்பு குறைந்த ஒயினையும், போர்தோ பகுதியில் கேபர்னே திராட்சையில் செய்யும் துவர்ப்பு மிகுந்த ஒயினையும் அருகருகே வைத்தால் டானின் என்ன என்று வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பிறகு இத்தாலியின் பரோலோ ஒயின் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். நெபியோலோ திராட்சை, நிறம் வெளிறியிருக்கும், லேசான ஒயின் என்று எண்ணி வாயில் வைத்தால் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். நிறத்தை வைத்துக் கனத்தைச் சொல்லும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

நுரைக்கும் வகையில் லேபிளே ஏமாற்றும். ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்பது ‘ப்ரூட்’டைவிட இனிப்பு: ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள், எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17. ஷாம்பெயினில் இரண்டாம் நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடந்து, குறைந்தது 15 மாதம் கிடக்கும். செத்த ஈஸ்டோடு கிடப்பதால் பேக்கரி வாசனை. இத்தாலியின் ப்ரொசெக்கோ தொட்டியில் நொதிப்பது, பேரிக்காய் வாசனையோடு நிற்கும்.

மீனோடு

எண்ணெய் மீனையும் துவர்ப்பான சிவப்பையும் சேர்த்தால் வாயில் தகரம் நக்கிய மாதிரி இருக்கும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்து செய்யும் வேலை அது. சூடை, சாளைக்குச் சிவப்பே வேண்டாம். இந்தக் கடற்கரைச் சாப்பாட்டுக்கு உலகின் வேறு கடற்கரைகளில் விளைந்த வெள்ளை ஒயின்களே நன்றாகப் பொருந்துகின்றன. ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸில் விளையும் அல்பரீன்யோ, பிரான்ஸில் அட்லாண்டிக் ஓரத்து மஸ்கடே (மேலே சொன்ன மஸ்கட் வேறு), எரிமலைத் தீவான சாண்டோரினியின் அசிர்டிகோ. சாண்டோரினியில் பேய்க்காற்றுக்குப் பயந்து கொடியைத் தரையோடு கூடை போலச் சுற்றி வளர்க்கிறார்கள். மூன்றும் புளிப்பானவை, லேசாக உப்புக் கரிப்பவை. உப்பும் எலுமிச்சையும் மட்டும் தடவிச் சுட்ட பாரையோ விளைமீனோ, அவித்த நண்டோ, பூண்டு போட்டு வதக்கிய கணவாயோ கிடைத்தால் இவற்றில் ஒன்றைத் திறங்கள்.

புளிக்குழம்பு வேறு கணக்கு. குழம்பின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும். அதில் முண்டு மிளகாயும் சேர்ந்தால் 14 சதவீதச் சாராயம் நெருப்பில் எண்ணெய். டானின் கசக்கத் தொடங்கும். சாராயம் குறைந்த, புளிப்பு மிகுந்த, கொஞ்சம் இனிப்பு உள்ள ரீஸ்லிங்கோ செனினோ மட்டுமே தாக்குப்பிடிக்கும். நம் அபிப்பிராயம்: நல்ல மீன் குழம்பு இருக்கும் அன்றைக்கு விலையுயர்ந்த போர்தோவைத் திறப்பது இரண்டுக்கும் துரோகம்.

கெட்டது எப்படித் தெரியும்

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரக் கோணி வாடை வந்து பழ வாசனை அமுங்கியிருந்தால் கார்க்கில் டிசிஏ என்ற பொருள் ஏறியிருக்கிறது. மருந்து கிடையாது, கொட்ட வேண்டியதுதான். ஓட்டலில் முதலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவது இதைப் பார்க்கத்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை. வினிகர், நகப்பூச்சு வாடை என்றால் பாக்டீரியா புகுந்திருக்கிறது. அழுகிய முட்டை, தீக்குச்சி வாடை என்றால் அவசரப்படாதீர்கள். அது கந்தகச் சங்கதி, ஐந்து நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் பறந்துவிடும். அடியில் கண்ணாடித் துகள் போல மின்னுவது டார்டாரிக் உப்பு, தீங்கில்லை.

நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது வெந்துபோன ஒயின். கார்க் வெளியே துருத்திக்கொண்டோ, உறைக்கு அடியில் பிசுபிசுப்பாகவோ இருக்கும். முகர்ந்தால் காய்ச்சிய ஜாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பிற்பகல் கிடந்தாலே போதும். குளிரூட்டாத கடையில் வாசலோரம், வெயில் படும் அடுக்கில் நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள். வீட்டில் பாதாள அறை இல்லையென்று கவலை வேண்டாம்: வாங்கியதை ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவைத்து, ஓரிரு மாதத்துக்குள் முடியுங்கள். பத்து வருடம் வைத்து முதிரவைக்கும் ஆசையை இந்த ஊரில் விட்டுவிடலாம். ஃப்ரிட்ஜுக்கு மேலே வைப்பது வெயிலில் வைப்பதற்குச் சமம்.

வைகை கடலில் சேரும் அழகன்குளத்து அகழாய்வில் ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேறி வந்த சாடிகள் அவை. வழியெல்லாம் வெந்து, இங்கே இறங்கும்போது அந்த ஒயின் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பிற்காலத்தில் அந்தச் சூட்டையே முறையாக்கிக்கொண்டது போர்ச்சுகலின் மதேய்ரா தீவு. பீப்பாய்கள் கப்பலில் வெப்பமண்டலக் கடல்களைத் தாண்டியபோது ஒயின் மேம்பட்டதைக் கண்டு, இப்போது அங்கே சில வகைகளை 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம் வேண்டுமென்றே சூடாக்குகிறார்கள். ஏற்கெனவே வெந்தும் காற்றுப் பட்டும் முடிந்துவிட்டதால் அதற்கு மேல் கெட ஒன்றுமில்லை. திறந்த பாட்டில் பல மாதம் தாங்கும். கருப்பட்டியும் வறுத்த முந்திரியும் கலந்த வாசனை, கூடவே கூர்மையான புளிப்பு. பனங்கற்கண்டு போட்ட எந்தப் பலகாரத்தோடும் போகும்.

மற்றவை திறந்தபின் அப்படி நிற்காது. வெள்ளையும் சிவப்பும் மூடி ஃப்ரிட்ஜில் மூன்று நாள். நுரைக்கும் ஒயின் இறுக்கும் மூடியோடு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு. ஸ்பெயினின் மான்சனீயா போன்ற உலர் ஷெர்ரி ஒயின் ஒரு வாரம். நான்காம் நாள் மிஞ்சிய வெள்ளை ஒயினைக் கொட்ட வேண்டாம். பூண்டும் மிளகும் தாளித்த இறாலில் அரை டம்ளர் ஊற்றி, சாராய நெடி போகும்வரை கொதிக்கவிட்டால் செலவாகிவிடும்.